மொட்டை மாடிச் சேவல்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே விழட்டும்!

எங்கள் குடியிருப்புச் செயலாளர் மாதிரி ஈவிரக்கமில்லாத மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கணவர் போன துக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாடிவீட்டு டீச்சரம்மாவிடம் போய்க் கத்தினார்.

"மறுபடியும் டேங்க் வழியுது! மோட்டார் சுவிட்ச் உங்க வீட்லதானே இருக்கு?"

"அவர்தான் தண்ணிச் சத்தம் கேட்டு அணைப்பார். எனக்குத்தான் காது மந்தமாச்சே."

"அப்போ சுவிட்சை என் வீட்டுக்கு மாத்திடறேன்."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா அவர் பார்த்த வேலை. யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பார்ப்பேன்!"

கணவர் வாங்கிப் பிரிக்காமலே விட்டுப்போன பெட்டியை டீச்சரம்மா அன்றே பிரித்தார். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு. அதுவே முழுக் கம்ப்யூட்டராம்! டேங்கில் ஒரு மிதவை, அதிலிருந்து போர்டுக்கு ஒயர். தண்ணீர் நிரம்பினால் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். டி.வி.யையே திரையாக்கி, கூட வந்த புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

செயலாளர் தினமும் வந்து வம்பிழுத்தார்.

"என்ன டீச்சரம்மா, கம்ப்யூட்டர் எழுந்துதா?"

"எழுந்துக்குது. திரை மூலையில மின்னல் மாதிரி ஒரு குறி காட்டிட்டு, மறுபடி படுத்துக்குது. பழைய போன் சார்ஜர்லதான் போட்டிருக்கேன்."

"அதுக்கே உங்க மேல நம்பிக்கையில்ல! விளக்கு மட்டும் எரிஞ்சா, மொட்டை மாடியில நின்னு சேவல் மாதிரி கூவுறேன்!"

மறுநாள் மறுபடி கதவைத் தட்டினார். கையில் தடியாக ஒரு சார்ஜர்.

"படியில குப்பை போடறதே உங்களுக்கு வேலையாப் போச்சு!"

"இது என்னுது இல்லையே..."

"இந்தக் கட்டடத்துல ஒயரோட அலையற ஆள் வேற யாரு? பிடிங்க!"

டீச்சரம்மா புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கூடுதல் மின்சாரம் தரும், அதில் கேட்டிருந்த அதே சார்ஜர்! செருகினார். மின்னலும் வரவில்லை, போர்டும் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடியது. கட்டடமே அவர் கூடத்தில் கூடிவிட்டது. மிதவை எழும்பியதுதான் தாமதம், பளிச்சென்று சிவந்தது விளக்கு! டீச்சரம்மா தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். ஒரு சொட்டு வழியவில்லை.

"செயலாளரே, ஏறுங்க மாடிக்கு! சத்தமாக் கூவணும், எனக்குக் காது மந்தம்!"

கூவினார். மூன்று தெரு தள்ளியிருந்த சேவல்களெல்லாம் பதிலுக்குக் கூவின. கணவர் போனபின் முதல்முறையாக டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சார்ஜர், கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியது என்று டீச்சரம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். சொன்னது யார் என்றும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் சண்டை நின்றுவிடும், அந்தக் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். நான் தொண்டை கிழியக் கூவியதெல்லாம் வீணாகிவிடும்!