அவனையே கேட்டுடலாம்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவர் மடியில் கிடத்தியிருக்கிறது. சுவர்ப் படத்தில், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, வாலிபராகப் பதக்கத்தைக் கடித்துச் சிரிக்கிறார். எதிரே அவருடைய பழைய கோச்சும், கூடவே குத்துச்சண்டை பழகிய நண்பரும் வந்ததிலிருந்து ஒரே வாக்குவாதம். "காசுக்குச் சண்டை போடப் போயிருந்தா, இவன்தான் சாம்பியன்" என்கிறார் கோச். "சும்மா இருங்க மாஸ்டர். அங்க தலைக்கவசம் கிடையாது, பன்னண்டு ரவுண்டு வேற. மண்டை கலங்கிப் போயிருக்கும். தங்கச்சி குறுக்க நின்னு தடுத்துச்சு, மனுஷன் முழுசா உக்காந்திருக்கான்" என்று நண்பர், அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மனைவியைக் காட்டுகிறார். காலையில் அவள் போட்டுவிட்ட சட்டைப் பொத்தான்களை அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருக்கின்றன. அவருக்கான டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இவர்கள் பார்க்க, அந்த டம்ளரை அவர் கையில் கொடுக்க அவளுக்குப் பயம். "இன்னும் கொஞ்சம் டீ போடட்டுமா?" என்று அவள் அவசரமாகக் கேட்பது யார் காதிலும் விழவில்லை. "நமக்குள்ள எதுக்கு அடிதடி? அவனையே கேட்டுடலாம்" என்று கோச் தன் நாற்காலியை முன்னால் இழுக்கிறார். அதன் கால் தரையைக் கீறும் ஓசையில் அவள் பல் கூசுகிறது. "நீயே சொல்லுடா." அவள் பிடி அவர் தோளில் இறுகுகிறது. இவ்வளவு நேரமும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, கண் மின்ன, கோச்சின் பக்கம் ஆவலாகச் சாய்கிறார்.

"அது கிடக்கட்டும் சார். கடைசில அந்தப் பையன் போனானா, இல்லையா?"