முந்திவிட்ட நாடு
ஐரோப்பிய நாடு ஒன்றின் எல்லைப் பேருந்து நிலையத்தில், டிவி திரையில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. "பக்கத்து நாட்டை வளர்ச்சியில் முந்திவிட்டோம்" என்று பூரித்துப் போகிறார் நிதியமைச்சர். ஆலையை மூடியதால் வேலையிழந்து, அங்கே பேருந்துக்குக் காத்திருக்கும் வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கத்து நாட்டுக்குத்தான் அவர் மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பி நிற்கிறாள். அவள் பெட்டியின் அறுந்த கைப்பிடியை அவர் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார். "கேட்டீங்களா, நாம ஜெயிச்சிட்டோமாம்" என்கிறாள் அவள். "ஜெயிச்சவன் பொண்டாட்டிய எதுக்குடி தோத்தவன் ஊருக்கு வேலைக்கு அனுப்புறான்?" கம்பி விரலில் குத்துகிறது. அவர் விடவில்லை, இன்னும் இறுக்குகிறார். அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து பேருந்து வந்து நிற்கிறது. அதிலிருந்து ஓட்டுநர் மட்டும் இறங்குகிறார். அதில் ஏறுவதற்கு நிலையமே எழுந்து நிற்கிறது.