மஞ்சள் கறை

இந்தக் கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அபயாம்பாள் மாமி. வழக்கமான காரணம்தான். மஞ்சள் கறை போகவில்லையாம்.

மருதையனுக்குச் சுருக்கென்றது. நீடாமங்கலத்தில் மன்னார்குடி ரோட்டுக் கிரானைட் கடையில் அவன் சேல்ஸ்மேன். காதோரம் நரைக்கிற வரைக்கும் கல் விற்றாகிவிட்டது. அவன் கொடுத்த கல்லில் கறை நிற்கிறது என்று இதுவரை ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.

சமையல் மேடைக்குக் கல் மாற்றுவது மாமியின் மகன் விஸ்வாவின் ஏற்பாடு. அவன் இருப்பது அமெரிக்காவில், டல்லாஸில். ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் வருவான். கடையிலிருந்து மருதையனும் சேர்ந்துகொண்டு கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவான். நனைந்தால்தான் கல்லின் நிஜ நிறம் தெரியும். அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அம்மா, நடுவில் கல். அரை மணி நேரம் ஓடிவிடும்.

விஸ்வாவுக்குப் பிடித்ததில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை மருதையன் பேப்பரில் சுற்றி, சணலால் கட்டி மாமி வீட்டுக்கு அனுப்புவான். மாமி அதில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, துடைத்துப் பார்த்து, அடுத்த ஞாயிறு சொல்ல வேண்டும்.

எல்லாக் கல்லுக்கும் ஒரே தீர்ப்புதான். "போகலைடா விஸ்வா. இன்னொண்ணு பார்க்கலாமே."

கடையில் கேலி ஆரம்பித்துவிட்டது. "மாமி கல்லா பாக்குறாங்க? மகனுக்குப் பொண்ணுல்ல பாக்குறாங்க" என்றான் கட்டிங் மெஷின்காரன்.

முதலாளி ஜாஹித் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம கல்லுல கறை நிக்குதுன்னு அமெரிக்கா வரைக்கும் பேரு போயிருக்கு. இந்த ஞாயித்துக்கிழமையோட முடிச்சிடுங்க மருதையன். முடியலேன்னா சொல்லிடுங்க, டைல்ஸ் குடோன்ல பெட்டி தூக்க உங்களுக்கு எடம் இருக்கு."

மருதையன் அன்றே விஸ்வாவுக்குப் போன் போட்டான். தானே வீட்டுக்கு வருவதாகவும், தன் கையாலேயே பரிசோதித்துச் சொல்வதாகவும், அதற்கப்புறம் மாமி என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்றும் சொன்னான்.

விஸ்வாவுக்கும் அலுத்துப்போயிருந்தது. "பண்ணுங்க. எனக்கும் இது முடிஞ்சாப் போதும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மருதையன் போனபோது வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமி கஞ்சி மொடமொடக்கும் புடவையில் இருந்தாள். கூடத்து மேஜையில் போனைச் சாய்த்து வைக்க ஒரு பித்தளைச் சொம்பு. அதற்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அவனுக்காக உள்ளேயிருந்து இன்னொன்றை இழுத்துவந்து, தூசி தட்டிப் போட்டாள்.

"காப்பி குடிச்சுட்டு ஆரம்பியேன்ப்பா."

"வேணாம் மாமி. வேலை முடியட்டும்."

கொண்டுவந்த கறுப்புக் கல் துண்டில் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து அப்பி வைத்தான். துடைக்க ஈரத்துணி வேண்டுமே என்று சமையலறைக்குள் போனான்.

பத்துப் பேருக்குச் சமைத்த நீள மேடை. ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலடியில், ஒன்றன் மேல் ஒன்றாக, பேப்பர் பொட்டலங்கள்.

கையில் எடுத்துப் பார்த்தான். அதே சணல். அவன் போட்ட முடிச்சு, அவன் போட்டபடியே இருந்தது. எல்லாவற்றிலும்.

திரும்பினால் நிலைப்படியில் மாமி.

"பிரிக்கவே இல்லையே மாமி."

இவ்வளவு நாளும் தன் பெயரை இப்படிக் கெடுத்தாளே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மாமி மறுக்கவில்லை. அவன் எடுத்த பொட்டலத்தை வாங்கி, மறுபடியும் அடுக்கின் மேலேயே வைத்தாள்.

"போன வருஷம் ஆடியில பாத்ரூமுக்கு டைல்ஸ் போடணும்னான். மூணு கலர் காமிச்சான். ரெண்டாவதே நன்னா இருக்குடான்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் பொங்கலுக்குத்தான் கூப்பிட்டான்."

கூடத்தில் போன் அடித்தது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே மாமி கிட்டத்தட்ட ஓடினாள்.

மருதையன் ஈரத்துணியோடு பின்னால் வந்து உட்கார்ந்தான். விஸ்வா அவனைத்தான் தேடினான்.

"மருதையன், டெஸ்ட் பண்ணியாச்சா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடணும். கறை போச்சா, இல்லையா?"

மருதையன் கல்லை மேஜைக்குக் கீழே மடியில் வைத்து ஒரே இழுப்பில் துடைத்தான். மஞ்சள் அப்படியே துணியோடு வந்துவிட்டது. கறுப்புக் கல்லில் டியூப்லைட் கோடாக மின்னியது. மாமி போனைப் பார்க்கவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைல்ஸ் குடோன் ஒரு தடவை மனசில் வந்து போனது.

கல்லைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டான்.

"போகல சார். அம்மா சொன்னதுதான் சரி, எங்க கல்லுதான் சரியில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க, வேற காட்டுறேன்."