பலகையில் மாறிய ரேட்டு

"காலையில தமாரிஸ் பந்தயக் கடை வாசல்ல நின்னு இளிச்சிட்டிருந்தியே, நான் பார்க்கலைன்னு நெனச்சியா? என் கையை எவ்வளவுக்குடா வித்தே?"

சிரிலோவின் சட்டையை ராதமேஸ் விடுவதாக இல்லை. பேஸ்பால் அணிக்கு உடம்பு பிடித்துவிடுகிறவன் சிரிலோ. குத்து வாங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டான். தைலப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அணியின் முக்கிய எறியாளன் ராதமேஸ். முந்தாநாள் பயிற்சியில் முழங்கைக்குள் சுரீரென்று ஏதோ பிடித்துக்கொண்டது. அது தெரிந்தவர்கள் அவனைத் தவிர இரண்டே பேர்: சிரிலோ, அப்பா லியோகாதியோ. மெக்சிகோ அணியின் ஆள் இன்றைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுவதாக இருந்தார். இன்று ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்துவிட்டால் பிழைத்தான்.

அதில்தான் மண் விழுந்தது. நேற்று வரை சான் பெத்ரோ ஊர்ப் பந்தயக் கடைகளில் அவன் அணிக்குத்தான் மவுசு. நூறு பெசோ ஜெயிக்க நூற்றைம்பது கட்ட வேண்டும். இன்று காலையில் ரேட்டுப் பலகை தலைகீழ். நூறு கட்டினால் நூற்று நாற்பது தருகிறார்களாம். எறிகிறவன் கையில் கோளாறு இல்லாமல் ரேட்டு இப்படிக் குப்புற விழாது என்று அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மெக்சிகோக்காரர் பலகையைப் பார்த்த கையோடு ஓட்டல் அறையைக் காலி செய்துவிட்டுப் போயே போய்விட்டார்.

"விடுப்பா. சிரிலோ சொல்லியிருக்க மாட்டான்" என்றார் லியோகாதியோ.

"அப்போ நீங்க சொன்னீங்களா?"

"அல்தாக்ராசியா மாதா மேல சத்தியமா, நான் வாயே திறக்கலை."

மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிற மனிதர் இல்லை அவர். ஒரு காலத்தில் பந்து பிடித்த கை. இன்றும் தினமும் காலையில் மகன் எறிவதை அவர்தான் பிடிக்கிறார். ஆட்டம் உள்ள நாளென்றால், பந்தயக் கடை வாசலில் சுடச்சுடப் பொரிக்கிற யானிகேக்கே ரொட்டியை வாங்கிக்கொண்டுதான் வருவார். இன்று வீட்டில் அவித்த முட்டையை நீட்டினார்.

"சாப்பிடு. காலையிலேர்ந்து பட்டினி."

"எனக்கு வேணாம். தமாரிஸ் அக்கா வாயாலேயே அந்தத் துரோகி பேரைக் கேட்டுட்டு வரேன்."

"வேண்டாம்டா, அங்க போகாதே" என்று பின்னாலேயே வந்தார் அப்பா. ராதமேஸ் காதில் வாங்கவில்லை.

தமாரிஸ் கல்லாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். "வாடா ராதமேஸ். கை எப்படி இருக்கு?"

"அதை சிரிலோகிட்டதான் கேட்டுட்டீங்களே, அக்கா."

"அந்தக் கிறுக்கனா? பலகையை மாத்தினப்புறம் வந்தான். 'அக்கா, தப்புப் பண்றீங்க, எங்க ஆளுதான் ஜெயிப்பான்'னு சிரிச்சான். வாரச் சம்பளத்தை அப்படியே உன் மேல கட்டிட்டுப் போனான்."

சிரிலோவின் கிழிந்த உதடும் தைலப் பையும் ராதமேஸின் கண் முன்னால் வந்து நின்றன. அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்போ... வேற யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லலை. நான் என்ன, பந்தைப் பார்த்தா ரேட்டு போடறேன்? ஆளைப் பார்த்துப் போடறேன். யாரு கட்டறாங்கன்னு பார்ப்பேன். யாரு கட்டலைன்னும் பார்ப்பேன். நான் மாத்தினா மத்த கடைக்காரங்க போன் பண்ணிக் கேட்டுட்டு அவங்களும் மாத்துவாங்க. அவ்வளவுதான்."

"புரியலை அக்கா."

தமாரிஸ் காபிக் குவளையைக் கீழே வைத்தாள். "நீ ஆட வந்த நாள்லேர்ந்து, உன் ஆட்டம்னா நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஒருத்தர் வாசல்ல நிப்பாரு. நீ தோத்துக்கிட்டே இருந்த வருஷம்கூட ஒரு ஆட்டம் விட்டதில்லை. உன் மேல முதல் காசு அவரோடதுதான்."

அவள் பார்வை ராதமேஸின் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அங்கே அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு லியோகாதியோ தரையைப் பார்த்து நின்றிருந்தார்.

"இன்னிக்கு உங்கப்பா கடையைத் தாண்டிப் போயிட்டாருடா."