மூக்கு வேலை

சுந்தரி துண்டைக் கையில் வைத்துத் தேய்த்தாள்.

துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துண்டு. அதுவரை சும்மா இருந்தது, தேய்த்ததும் சந்தன வாசனை குப்பென்று கிளம்பியது.

"வந்துச்சு மேடம். நல்லாவே வந்துச்சு."

சந்தியா மேடத்தின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதம் அவர் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். சலவைத்தூளில் வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத கூடுகளுக்குள் அடைத்துப் போடுவார்கள். துவைக்கும்போது கூடு உடையக் கூடாது, துணியை உடுத்தி நடமாடும்போது உடைய வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கூடு பிளாஸ்டிக். அது மக்காமல் ஆற்றிலும் கடலிலும் போய்ச் சேருகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது புளியங்கொட்டைப் பசையில் செய்து பார்க்கிறார்கள். சோதிக்க மெஷின் எல்லாம் உண்டு. ஆனாலும் ஒரு மனுஷ மூக்கு சொன்னால்தான் மேடம் நம்புவார்.

அந்த மூக்கு சுந்தரியுடையது.

மூக்கு வேலைக்கு வருகிறவள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, பவுடர் கூடவே கூடாது. ஆள் எடுத்த அன்று சத்தியவேட்டிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் வந்த பெண்கள், வெள்ளிக்கிழமை மட்டுமாவது பூ வைக்கலாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். புருஷன் இருக்கிற கட்டுக்கழுத்தி தினமும் பூ இல்லாமல் வருவேன் என்றால் யார் நம்பப்போகிறார்கள் என்று சுந்தரிக்குப் பயம். வரிசையில் நிற்கும்போதே பொட்டை எடுத்துவிட்டாள்.

"எனக்கு பூவெல்லாம் இல்ல மேடம். வூட்டுக்காரரு செத்துட்டாரு."

குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கோவர்த்தனனை இப்படி ஒரே மூச்சில் சாகடித்துவிட்டு, வேலையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள். உறுத்தல் எல்லாம் பிறகுதான் வந்தது.

தினமும் ஷேர் ஆட்டோவில் வரும்போது பொட்டை எடுத்துச் செல்போனின் முதுகில் ஒட்டிக்கொள்வாள். மெட்டி பர்சுக்குள் போகும். தாலி ரவிக்கைக்குள் போகும். நன்றாக இருக்கிறவனுக்கு இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

மேடம் திருச்சானூர் கோயிலுக்குப் போய்வந்தால் பெண்கள் எல்லோருக்கும் குங்குமம் கொடுப்பார். சுந்தரிக்கு மட்டும் லட்டு, அதையும் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பார். அந்த லட்டு தொண்டையில் இறங்காது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று சுந்தரி ஒருநாள் துணிந்துவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து, சளி பிடித்ததை மறைத்து மோந்து பார்த்த ருக்மணியை மேடம் வேலையைவிட்டு அனுப்பினார். பொய் சொல்கிறவளின் மூக்கை நான் எப்படி நம்புவது என்றார். சுந்தரி வாயை மூடிக்கொண்டாள்.

போன வாரம் குவைத் கம்பெனி ஆட்களைக் கழித்துவிட்டது. கோவர்த்தனனும் அதில் ஒருவன். டிக்கெட் கிடைத்ததும் வந்துவிடுவேன், இனிமேல் உன் சம்பளத்தில்தான் நமக்குச் சோறு என்று போனில் சிரித்தான்.

வாட்ச்மேன் நாகையா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சுந்தரிம்மா, உன்னப் பாக்க ஒருத்தரு வந்துகிறாரு. பெட்டியோட நிக்கிறாரு."

சுந்தரி துண்டை வைத்துவிட்டு எழுந்தாள். இத்தனை நாளில் அவளைத் தேடி யாருமே வந்ததில்லை. பாவம், ஊரில் என்னவோ ஏதோ என்று மேடமும் கூடவே வந்தார்.

கேட்டுக்கு வெளியே கோவர்த்தனன் நின்றுகொண்டிருந்தான். மெட்ராஸில் விமானம் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தான். கறுத்து இளைத்திருந்தான். காலடியில் கயிறு கட்டிய பெட்டி, கையில் வாழையிலையில் சுருட்டிய மல்லிகை. அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவள் நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரு சுந்தரி?" என்றார் மேடம்.

சொல்லிவிடலாம். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நாளைக்கு உலையில் எதைப் போடுவது?

"என் கொழுந்தனாரு மேடம். அவரோட தம்பி."

சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

மேடம் அவனைப் பார்த்துக் கைகூப்பி, தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார். "அண்ணன் செத்துப்போனாலும் வதினாவை மறக்காம வந்தீங்க பாருங்க. சால சந்தோஷம்."

கோவர்த்தனன் மேடத்தைப் பார்த்தான். சுந்தரியின் வெறும் நெற்றியைப் பார்த்தான். தாலி தெரியாத கழுத்தைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கோபம் அவளுக்குத் தெரியும். இதோ கத்தப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடத்தின் கண் அவன் கையில் இருந்த பூவில் போய் நின்றது. புருஷன் இல்லாதவளைப் பார்க்க வருகிறவன் மல்லிகையோடு வருவானா? மேடத்தின் புருவம் மெல்லச் சுருங்குவதைச் சுந்தரி பார்த்தாள்.

கோவர்த்தனனும் பார்த்தான்.

"இன்னிக்கு எங்கண்ணனுக்குத் தெவசம் மேடம். படத்துக்குப் போடத்தான் பூ வாங்கினேன். அண்ணிய கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க."

சுந்தரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேடம் குனிந்து அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டு, தெவசம் என்று முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்றார்.