ரங்கனின் நுரையீரல்

"இருமல் எப்போ அதிகமா வருது, ரங்கன்?" என்று கேட்டார் டாக்டர் யாழினி.

"காலங்காத்தாலதாங்க," என்றார் அண்ணன் குமரவேல்.

"நான் உங்க தம்பியக் கேட்டேன்." யாழினி சிரித்தார்.

ஜேடர்பாளையத்திலிருந்து அந்தச் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்த சகோதரர்களை அவர் பார்ப்பது இதுவே முதல் முறை. ரங்கன் பெயரில் வந்த சதைத் துணுக்கை மட்டும் ஒரு வாரமாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குழம்பியிருந்தார். புற்றுநோய்ச் செல்கள் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளை ஆராய்பவர் அவர்.

"ரங்கன், உங்க ரத்தம் என்ன குரூப்? ஃபைல்ல எழுதியிருக்கறது சரியான்னு பாக்கணும்."

"ஓ பாசிட்டிவுங்க. வருசாவருசம் முகாம்ல குடுக்கறனுங்க."

"அதான் புரியல. ரத்த குரூப்பும் ஒரு சர்க்கரையாலதான் அமையுது. அது சதையிலயும் தெரியும். உங்க நுரையீரல்ல எடுத்த சதையில ஏ குரூப் சர்க்கரை இருக்கு. ஓ குரூப்ல அது இருக்காது. அது வேற யாரோடதோ. லேப்ல மாத்திட்டாங்க! உங்களுக்குப் புத்துநோயே இல்லாம இருக்கலாம்."

ரங்கன் சந்தோஷப்படவில்லை. அண்ணனைப் பார்த்தான்.

குமரவேல் எழுந்து கதவைச் சாத்தினார்.

"லேப்காரங்களத் திட்டிப்போடாதீங்க, டாக்டரம்மா. தம்பி பேரச் சொல்லி நாந்தாங்க போய்ப் படுத்தேன். சதை என்னுதுங்க. வைகாசில மகளுக்குக் கல்யாணம். அப்பனுக்குப் புத்துன்னு தெரிஞ்சா மாப்ள ஊட்ல பின்வாங்கிருவாங்க."

யாழினி ஃபைல் மேல் இருந்த ரங்கன் பெயரைப் பார்த்தார்.

"மருந்த எனக்கு ஏத்துங்க," என்று கைகூப்பினார் குமரவேல். "நோவு மட்டும் கல்யாணம் முடியற வரைக்கும் ரங்கனுக்கே இருக்கட்டுங்க."