குவெஸ்தூராவில் சனம்

படகு செஃபலூத் துறையில் கட்டியாயிற்று. பலெர்மோவிலிருந்து வந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். தர்சினி மட்டும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள்.

“நான் வரேல்லை கிளறாக்கா. ஆராவது கண்டு சொல்லிப்போட்டா என்ரை வேலை போச்சு.”

இந்தப் பயந்தாங்கொள்ளியைக் கூட்டிக்கொண்டு உல்லாசப் பயணம் வெளிக்கிட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நானும் மரியமலரும் ஆளுக்கொரு கையில் பிடித்து அவளை இழுத்து இறக்கினோம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இல்லையென்று நான் சொல்லவில்லை.

தர்சினி பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவைப் பார்க்கிறவள். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, இரவில் பக்கத்து அறையில் படுப்பது எல்லாம் அவள்தான். லீவு வியாழன் பின்னேரம் மட்டும். படகோ வியாழன் காலையில் வெளிக்கிடுகிறது.

அதற்குத்தான் நான் வழி சொல்லிக் கொடுத்தேன். “குவெஸ்தூராவுக்குப் போகவேணும் எண்டு சொல்லடி.”

குவெஸ்தூரா என்றால் எங்களுடைய பெர்மெசோவைப் புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோர். பெர்மெசோ இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. விடியப் போனால் பொழுதுபடத்தான் விடுவார்கள். விட்டாலும் அலுவல் முடிந்திருக்காது, இன்னொரு நாளைக்கு வா என்பார்கள். பலெர்மோவில் எந்த முதலாளியும் மறுகேள்வி கேட்காத பொய் இது ஒன்றுதான். எத்தனை கலியாணவீடு, எத்தனை பிறந்தநாளை நாங்கள் குவெஸ்தூராவின் பேரில் கொண்டாடியிருக்கிறோம்!

ஆனால் சிஞ்ஞோராவின் மகள் பொல்லாதவள். முன்னம் வேலைக்கு நின்ற பெண்ணை ஒரு சின்னப் பொய்க்காக அன்றைக்கே பெட்டியோடு வெளியே விட்டவள். வேலை போனால் தர்சினியின் பெர்மெசோ இழுபறி. பெர்மெசோ இழுபட்டால் கிளிநொச்சியில் நிற்கிற மகனை இங்கே கூப்பிட முடியாது. அதற்காகத்தான் அவள் இவ்வளவு காலமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உழைக்கிறாள்.

சிஞ்ஞோரா தங்கமான மனிசி. “மகளுக்குச் சொல்ல வேண்டாம், அவள் வந்து நிண்டு என்னை அரியண்டப்படுத்துவாள். நான் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பன், நீ போட்டு வா” என்றாராம்.

அந்த நல்ல மனம்தான் தர்சினியைப் போட்டு வதைத்தது. படகில் எல்லோரும் பாட்டுக்கு ஆட, இவள் மட்டும் மூலையில் இருந்து புலம்பினாள். பொல்லு இல்லாமல் குசினிக்கும் போகாத மனிசியாம், மூடி வைத்த சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டாரோ தெரியாதாம். மரியமலர் பொரித்துக் கொண்டுவந்த மீன் கட்லட்டைக்கூடத் தொடவில்லை. எங்களுக்கு நட்டமில்லை, நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.

ஊரின் பெரிய கத்தோலிக்கக் கோயிலுக்கு முன்னால் கடை மேசைகள் நிறையப் போட்டிருந்தார்கள். படம் எடுக்க நின்றால் தர்சினி செத்தவீட்டு முகத்தோடு நிற்கிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒருக்கா போன் அடிச்சுக் கேளடி, பிறகாவது சிரி.”

அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று தலையும் போனுக்கு மேலே குனிந்தன. பேச்செல்லாம் இத்தாலியனில்தான், நான் எங்கள் பாசையில் சொல்கிறேன்.

“சிஞ்ஞோரா, சாப்பிட்டீங்களோ?”

“சாப்பிட்டிட்டன் பிள்ளை. கட்டிலிலை கிடக்கிறன்” என்றது ஈனமான ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைக்கு மேல் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஊரே அதிர்ந்தது. தர்சினி இரண்டு கையாலும் போனைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய? எந்தப் பொலிஸ் கந்தோருக்குள் கோயில் மணி அடிக்கும்? அவளுடைய முகம் வெளுத்துப் போயிற்று.

“மடுமாதாவே” என்றாள் மரியமலர்.



மணி ஓய்ந்தது. போனுக்குள்ளும் அதே நேரம் ஒரு மணி ஓய்ந்தது.

பிறகு போனுக்குள் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. “உனக்குத் தேசிக்காயோ, பிஸ்தாவோ, என்ரை செல்லம்?”

அதே குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

இரண்டு மேசை தள்ளிச் சிஞ்ஞோரா இருந்தார். பூப்போட்ட சட்டை, சிவப்புச் சாயம் பூசின உதடு, காதில் போன். பொல்லைக் காணவில்லை. எதிரே வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர், ஐஸ்கிறீம் பட்டியலோடு.

சிஞ்ஞோராவும் எங்களைக் கண்டுவிட்டார். வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது. இங்கே தர்சினி என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள்.

நான் கும்பிட்ட தெய்வமெல்லாம் சாட்சி, அந்த மனிசி போனை வைக்கவில்லை. நிமிர்ந்து இருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டு போனில் கேட்டார்.

“குவெஸ்தூராவிலை சனமோ?”

தர்சினியும் போனுக்குள்ளேயே சொன்னாள். “ஓம் சிஞ்ஞோரா. சரியான சனம்.”

“அப்ப இண்டைக்கு அலுவல் முடியாது. அடுத்த வியாழனும் வரச் சொல்லுவாங்கள்.” கிழவரை ஒருக்கால் பார்த்தார். “அதுக்கடுத்த வியாழனும் சொல்லுவாங்கள். நீ ஒண்டுக்கும் யோசியாமல் போட்டு வா. மகளோடை நான் கதைக்கிறன்.”

தர்சினி அப்போதுதான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

“போறன் சிஞ்ஞோரா. ஆனா ஐஸ்கிறீம் சின்னனா எடுங்கோ. உங்களுக்கு ரத்தத்திலை சீனி கூட.”

“நான் கட்டிலிலை எல்லோ கிடக்கிறன்” என்று போனை வைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய பிஸ்தாவைக் கொண்டுவரச் சொன்னார் சிஞ்ஞோரா.